குளிர் அறையில் ஓர் ஒத்திகை

நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கும் மனிதனோடு ஒரே வீட்டில் குடியிருப்பது லேசான காரியமல்ல. என் மனைவி ரிஸானாவைக் கேட்டால் சொல்வாள். கனடாவுக்கு விண்ணப்பம் தயாரித்த மாதங்களில், குறிஞ்சிப்பிட்டியிலிருந்த எங்கள் வீட்டுக்குள் நான் அரைக் கனடாக்காரனாகவே நடமாடினேன். (பாணுக்குச் சம்பல் கேட்கும்போதுகூட ‘பிளீஸ்’ போட்டேன்.)

பத்திரங்கள் எல்லாம் சேர்ந்தாயிற்று. மருத்துவப் பரிசோதனைக்குக் கொழும்பில் நாளும் குறித்தாயிற்று. அப்போதுதான் ரிஸானா பின்வாங்கினாள். டிசம்பர் காற்றுக்கே போர்வை தேடுகிறவள் அவள். அந்தக் குளிரைத் தாங்க முடியுமா என்று தெரியாமல் கையெழுத்து வைக்கமாட்டேன் என்றாள்.

அவளுடைய அண்ணன் நிஸாம் நானா, கற்பிட்டியில் மீன் வியாபாரி. ஏற்றுமதிக்குப் போகும் மீனையும் கணவாயையும் வைக்க ஒரு குளிர் அறை வைத்திருந்தார். (மேதைகளுக்கு இவ்வளவு போதும்.) வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு குடும்பத்தை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன்.

ரிஸானாவும் ஒன்பது வயது மகள் அம்னாவும் நுவரெலியாப் பயணத்துக்கு வாங்கிய சுவெட்டர்களைப் போட்டிருந்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காக நான் சாரமும் சேர்ட்டுமாகவே நுழைந்தேன். நிஸாம் மச்சான் வாசலில் நின்று கதவைப் பற்றி ஏதோ விளக்கினார். நான் அவருக்குக் கனடாவைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்ததால் அது என் காதில் விழவில்லை.

கதவு மூடியது. வறண்ட குளிர் உடம்புக்கு நல்லது என்று பேருரை ஒன்றைத் தொடங்கினேன். முதல் வசனம் முடியுமுன் பற்கள் தந்தியடித்தன. காதுகள் இருக்கின்றனவா என்று தடவிப் பார்த்தேன். தடவிய கையும் இருப்பதாகத் தெரியவில்லை.

போதும் என்று கைப்பிடியை இழுத்தேன். வரவில்லை. சுவரில் காலை ஊன்றி இழுத்தேன். அசையவில்லை. பிறகு நடந்ததை அடக்கமாகவே சொல்கிறேன்: கத்தினேன். கதவில் அடித்தேன். கலிமா சொன்னேன். ரிஸானாவின் கையைப் பிடித்து, நான் மவுத்தாகிவிட்டால் அவள் மறுமணம் செய்வதில் எனக்கு ஆட்சேபமில்லை, ஆனால் உடனே வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். (அவளும் அதே அறைக்குள்தான் இருக்கிறாள் என்பது அப்போது உறைக்கவில்லை.)

ரிஸானா ஒரு மீன் பெட்டியில் உட்கார்ந்து அம்னாவுக்குக் கணவாயின் கண்ணைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏன் இழுக்கிறீங்க?” என்றாள். “தள்ளச் சொல்லித்தானே நானா சொன்னாரு.”

எழுந்து வந்து ஒற்றைக் கையால் கைப்பிடியைத் தள்ளினாள். கதவு திறந்தது. அதில் சாய்ந்து நின்ற நானும் கூடவே வெளியே போய் விழுந்தேன். என் ஓலம் கேட்டுக் கடற்கரையிலிருந்து ஓடிவந்தவர்கள் அரை வட்டமாக நின்றார்கள். நடுவில் நிஸாம் மச்சான், கெட்டுப்போன மீனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

“இவ்வளவுதானா குளிரு?” என்றாள் ரிஸானா. வீட்டுக்கு வந்ததும் கையெழுத்தும் வைத்தாள்.

கொழும்பில் மருத்துவர் முன்னால் இருமிக்கொண்டே உட்கார்ந்தேன். இருமல் எப்படி வந்தது என்று அவர் கேட்டார். நான் கௌரவமான ஒரு பதிலைத் தேடிக்கொண்டிருக்க, அம்னா முந்திக்கொண்டாள்.

“வாப்பா கனடாவப் பழகிப் பாத்தாரு டொக்டர். மீனோட.”

மருத்துவர் கண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்ததும், சட்டம் சட்டம்தான் என்று காசநோய்க்கான சளிப் பரிசோதனைக்கு எழுதிவிட்டார். தாயும் மகளும் சுகதேகிகள். எங்கள் குடும்பத்தின் எதிர்காலம் பல வாரங்கள் என் சளியில் தங்கி நின்றது. ரிஸானா வேளை தவறாமல் இஞ்சித் தேநீர் வைத்துத் தந்தாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கடைசியில் சளி தேறியது, அனுமதியும் வந்தது. இப்போது இங்கே ரிஸானா கையுறை இல்லாமலே வாசல் பனியை அள்ளுகிறாள். நான் ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்து அவளுக்கு ஆலோசனை சொல்கிறேன். அதற்கெல்லாம் தாயும் மகளும் சிரிப்பதில்லை. ஆனால் எந்தக் கதவு வந்தாலும் இருவரும் மரியாதையாக ஒதுங்கி எனக்கு வழிவிடுகிறார்கள். தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவுள்ள கடைகளிலும் அப்படித்தான். நான் போய் முன்னால் நிற்பேன், கதவு திறக்கும்.

“மாஷா அல்லாஹ், வாப்பா” என்பாள் அம்னா.