படம் பழசுல, சத்தம் புதுசுல

கம்ப்யூட்டர் கடையில வேலை செய்யுற பையனை சொந்தக்காரங்க எல்லாம் எஞ்சினியர்னு நினைச்சுக்குவாங்க. அதுல ஒரு ஆபத்தும் இல்ல. அந்தப் பையனும் அப்படியே நினைச்சுக்கிட்டாத்தான் ஆபத்து. நான் நினைச்சுக்கிட்டேன்.

நான் படிச்சது ஒம்பதாம் ஆண்டு வரைக்கும். (பத்தாம் ஆண்டு வகுப்பை வெளியில நின்னு பார்த்திருக்கேன்.) வேலை கட்டுகஸ்தோட்டையில, ரிஸ்வான் நானாவோட கொமினிகேஷன்ல. போட்டோ கொப்பி, ஃபோனுக்கு ரீலோட், ஒன்லைன்ல விண்ணப்பம் போட்டுக் குடுக்குறது, இதுதான் நம்ம தொழில். கடையில இருக்குறது ஒரே ஒரு கம்ப்யூட்டர். ஆனா அதுல ஒரே பிரவுசர் ரெண்டு இருக்கும். பழைய வெர்ஷன் ஒண்ணு, புது வெர்ஷன் ஒண்ணு. ஏன்னு கேட்டா, ஒரு அரசாங்கக் கந்தோரோட வெப்சைட் பழசுல மட்டுந்தான் தொறக்கும், மத்த உலகம் பூரா புதுசுல மட்டுந்தான் தொறக்கும். அதனால நானா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, பழசு தானா அப்டேட் ஆகிடாம கட்டிப் போட்டிருந்தாரு.

"ரெண்டையும் ஒரே நேரத்துல தொறக்க வாணாம்டா, மிஷின் தாங்காது"ம்பாரு நானா. நான் தலைய ஆட்டுவேன். தலை ஆட்டுறதுல நான் டிகிரி முடிச்சவன்.

அப்பா தவறி வருசத் தெவசம் முடிஞ்ச கையோட அக்காவுக்கு ஒரு சம்பந்தம் வந்துச்சு. மாப்பிள்ளை கத்தார்ல ஒரு ஹோட்டல் சமையல்கட்டுல வேலை. அவரோட அம்மா தெல்தோட்டையில. மாப்பிள்ளை போட்டோவைப் பார்த்துட்டு அக்கா, "பரவாயில்ல"ன்னுச்சு. எங்க அக்கா வாயில பரவாயில்லன்னு வந்தா, மத்த பொண்ணுங்க மயங்கி விழுறதுக்குச் சமம். அப்பா போனதுலருந்து அது சோத்தைக்கூட பரவாயில்லன்னு சொல்லல. அதனால இந்த சம்பந்தம் எப்படியாச்சும் அமையணும்னு அம்மா கதிர்காமத்துக்கு நேர்ந்துக்கிட்டுச்சு.

மாப்பிள்ளை வர லீவு இல்ல. மொதல்ல வீடியோ கோல்ல பார்த்துக்கலாம்னு பேச்சு. அம்மாவோட ஃபோன்லயே செஞ்சிருக்கலாம். ஸ்கிரீன் வெடிச்ச ஃபோனா இருந்தாலும் வேலை செய்யும். நான்தான் விடல.

"அந்த ஃபோன்ல பார்த்தா அக்கா மூஞ்சு குறுக்கால ஒரு கோடு தெரியும். கடையில பெரிய ஸ்கிரீன்ல, மைக், கேமரா எல்லாம் வச்சு ஜோரா செய்வோம்"னேன்.

"உனக்குத் தெரியுமாடா?"ன்னுச்சு அக்கா.

"என்னக்கா நீ, நான் என்ன வேலை செய்யுறேன்?"

ஞாயித்துக்கிழமை கடை பூட்டு. நானா சாவியைக் குடுத்தாரு. வெலைப் பட்டியலை மறைக்க பின்னால ஒரு சாரியைக் கட்டினோம். அக்கா மல்லிகைப்பூ எல்லாம் வச்சு வந்து கதிரையில ஒக்காந்துச்சு. நான் புதுசைத் தொறந்து கோலுக்குள்ள போனேன். சத்தம் நல்லா வந்துச்சு, படம் வரல. நானாவோட கேமரா பழைய கேமரா, புதுசுக்கு அது கண்ணுலயே படல. சரின்னு பழசைத் தொறந்தேன். படம் வந்துச்சு, சத்தம் கரகரன்னு ஒரு எழுத்து வெளங்கல.

வேற எவனா இருந்தாலும் அம்மாவோட ஃபோனை எடுத்திருப்பான். எனக்கு மூளை வேலை செஞ்சிருச்சு. ரெண்டையும் தொறந்து பக்கத்துல பக்கத்துல வச்சு, படத்தைப் பழசுல அனுப்பி, சத்தத்தைப் புதுசுல அனுப்பினேன். (நானாவோட பேச்சு ஞாபகம் வரலையான்னு கேக்காதீங்க. வந்துச்சு. நான்தான் பிறகு வான்னு அனுப்பிட்டேன்.)

மாப்பிள்ளையோட அம்மா, அதான் தெல்தோட்டை அத்தை, அவங்க ஃபோன்ல வந்தாங்க. மாப்பிள்ளை கத்தார்லருந்து வந்தாரு.

"அந்தக் கறுப்புப் பெட்டிக்குள்ள இருந்து பேசுறது யாரு?"ன்னாங்க அத்தை.

"அதுவும் நாங்கதான் அத்தை. இதுல படம், அதுல சத்தம்"னேன்.

"ஓ"ன்னாங்க. அவங்களுக்கு வெளங்கல. எனக்குப் பெருமையா இருந்துச்சு.

பொண்ணு பார்க்குறதுன்னா பொண்ணு டீ குடுக்கணுமில்ல? அம்மா விடுமா? அக்கா ட்ரேயில டீயைக் கொண்டு வந்து கேமராவுக்கு முன்னால நீட்டி, "எடுத்துக்கங்க அத்தை"ன்னுச்சு. அத்தை முழிச்சாங்க. "எதை எடுக்க?"ன்னாங்க. அக்கா ட்ரேயை வச்சுட்டு வந்து ஒக்காந்ததுக்குப் பெறகு, "ஆ, இப்ப வருது டீ"ன்னாங்க. அப்பவே எனக்குப் பொறி தட்டியிருக்கணும். மிஷின் மூச்சு வாங்குது, சத்தம் முன்னால ஓடுது, படம் பின்னால நொண்டிக்கிட்டு வருது. எனக்கு ஒரு பொறியும் தட்டல.

"பொண்ணு நல்லா சமைக்குமா?"ன்னு கேட்டாங்க அத்தை.

"தம்பியைப் பாருங்க அத்தை, நான் சமைச்சதைத் தின்னுட்டும் இன்னும் உசிரோடதானே இருக்கான்"னுச்சு அக்கா.

நாங்க மூணு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். அக்கா அப்படிச் சிரிச்சு எவ்வளவு நாளாச்சு! அத்தையும் சிரிச்சாங்க. பெறகு கொரலைத் தாழ்த்தி, "அவுங்க அப்பா எப்படித் தவறினாரு?"ன்னாங்க.

அம்மா முந்தானையை எடுத்து கண்ணைத் தொடச்சுக்கிட்டு, "திடீர்னுதான், நெஞ்சு வலின்னாரு..."ன்னு ஆரம்பிச்சுச்சு. அப்பதான் நான் புதுசோட ஸ்கிரீனைப் பார்த்தேன். அதுல ஒரு பெட்டியில எங்க படம். அத்தை பார்க்குற அதே படம். அதுல அம்மா வயித்தைப் புடிச்சுக்கிட்டு சிரிக்குது. அக்கா பின்னால சாஞ்சு சிரிக்குது. நான் தொடையில தட்டித் தட்டிச் சிரிக்கிறேன். சத்தத்துல மட்டும், "ஆஸ்பத்திரியில சேர்த்து மூணு நாள்கூட..."ன்னு ஓடுது.

அத்தை மூஞ்சு செவந்துருச்சு. மாப்பிள்ளை மூஞ்சைக் கையால பொத்திக்கிட்டாரு.

"என்னம்மா இது, புருசன் செத்ததைக் கேட்டா கெக்கெக்கேன்னு சிரிக்கிறீங்க!"

"ஐயோ, நான் எங்கங்க சிரிச்சேன்?"ன்னு அம்மா கதறுச்சு. நான் பதறிப் போயி, பழசை மூடலாம்னு போயி அதோட மைக்கையும் ஸ்பீக்கரையும் தொறந்து விட்டுட்டேன். கடைக்குள்ள ஒரு ஊளை கெளம்புச்சு பாருங்க, தெரு நாயெல்லாம் பதில் குடுத்துச்சு.

அதுக்குள்ள மாப்பிள்ளை எப்படியோ தைரியத்தை வரவழைச்சுக்கிட்டு, "எனக்குப் பொண்ணைப் புடிச்சிருக்கு"ன்னு கத்தினாரு. அந்த நேரம் பார்த்துத்தான் அம்மா அழுத படம் போயிச் சேர்ந்திருக்கு. புடிச்சிருக்குன்னு சொன்ன ஒடனே பொண்ணு வீட்டுல ஒப்பாரி!

என்ன வயர் கழண்டுச்சுன்னு கேமராவுக்கிட்ட குனிஞ்சேன். அந்தப் படம் போயிச் சேர்ந்ததும் அப்படியே ஒறைஞ்சு நின்னுருச்சு. கடைசியா அத்தை ஃபோன் நெறைய என்னோட மூக்கு. ரெண்டு ஓட்டையும் நல்லாத் தெரியுற மாதிரி. அந்த மூக்கைப் பார்த்து கொஞ்ச நேரம் ஏசிட்டு அத்தை கோலை வெட்டிட்டாங்க.

வீட்டுக்கு நடந்து போறப்ப அக்கா பாலத்துக்கிட்ட நின்னு பூவைக் கழட்டி என் கையில குடுத்துச்சு. "நீயே வச்சுக்கடா எஞ்சினியர்"னுச்சு. ஏசியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன். அந்த வாரம் பூரா வீட்டுல மறுபடியும் அந்தப் பழைய அமைதி. எனக்கு கடைக்குப் போயி அந்த ரெண்டு ஐக்கனையும் பார்க்கவே பயமா இருந்துச்சு. நானாகிட்ட சொன்னதுக்கு, "நீ செஞ்ச வேலைக்கு நான் வாயைத் தொறந்தா ஒனக்கு வேலை இருக்காது"ன்னுட்டு, பெறகு திரும்பி நின்னு தோளு குலுங்கச் சிரிச்சாரு.

அடுத்த ஞாயித்துக்கிழமை சாப்பாட்டு நேரத்துக்கு கதவைத் தட்டுற சத்தம். தொறந்தா தெல்தோட்டை அத்தை! சொல்லாம கொள்ளாம பஸ் ஏறி வந்திருக்காங்க. கையில வாழைப்பழச் சீப்பு.

"மகன் ஒத்தக் கால்ல நிக்குறான். பைத்தியக்காரக் குடும்பமா இல்லையான்னு நேர்ல பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்"னு கதிரையில ஒக்காந்தாங்க.

"அத்தை, அது பழைய வெர்ஷன்ல படம் பிந்தி..."ன்னு நான் ஆரம்பிச்சேன்.

"நீங்க சும்மா இருங்க தம்பி. ஒங்க மூக்கோட நான் ஏற்கனவே நெறையப் பேசிட்டேன்"னுட்டு அம்மா பக்கம் திரும்பினாங்க. "இப்ப சொல்லுங்க. அவரு எப்படித் தவறினாரு?"

அம்மா அழுதுகிட்டேதான் ஆரம்பிச்சுச்சு. அப்பா மடுல்கெல்ல போற பஸ்ஸுல கண்டக்டரா இருந்தவரு. கடைசி நாள் வார்டுல கட்டிலைச் சுத்தி சொந்தக்காரக் கூட்டம். அப்பா அரைத் தூக்கத்துல கண்ணைத் தொறந்து பார்த்துட்டு, "இஸ்ஸரஹாட்ட யன்ன, இஸ்ஸரஹாட்ட யன்ன, முன்னுக்கு எடம் இருக்கு"ன்னு பஸ்ஸுல கத்துற மாதிரியே சிங்களத்துலயும் தமிழ்லயும் சத்தம் போட்டாரு. சுத்தி நின்ன அத்தனை பேரும் ஒழுங்கா முன்னுக்கு நகர்ந்தாங்க. மருந்து குடுக்க வந்த நர்ஸ் மிஸ்ஸும் ட்ரேயோட நகர்ந்துச்சு.

அந்த எடத்துல அம்மாவுக்கு சிரிப்பு வந்துருச்சு. அடக்கிப் பார்த்துச்சு, முடியல. அக்கா வாயைப் பொத்துச்சு, அதுக்கும் முடியல. மூணு பேரும் கண்ணுல தண்ணி ஊத்த ஊத்தச் சிரிச்சோம். போச்சுடா, இந்தத் தடவை மிஷின் மேல பழி போடக்கூட வழி இல்லன்னு நினைச்சேன்.

பார்த்தா அத்தையும் சிரிக்கிறாங்க. "அப்ப கம்ப்யூட்டர்ல ஒரு பிழையும் இல்ல. இந்தக் குடும்பமே இப்படித்தான்"னு கண்ணைத் தொடச்சுக்கிட்டாங்க. "எங்க வீட்டுக்காரரு போனப்ப நானும் சிரிச்சேன்மா, ரூமைப் பூட்டிக்கிட்டு. போயி டீ கொண்டு வாம்மா. இந்தத் தடவை கையில குடு."

கல்யாணம் கோயில் மண்டபத்துல நடந்துச்சு. அப்பாவோட செத்த வீட்டுல எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரல. பந்தல் கட்டினேன், கதிரை தூக்கினேன், வந்தவங்களுக்கு டீ குடுத்தேன். அக்கா கழுத்துல தாலி ஏறி, மேளம் கொட்டி, எல்லாரும் சிரிச்சுக்கிட்டு அரிசி போடுறப்ப எனக்கு அழுகை வந்துச்சு. சின்ன அழுகை இல்ல, மேளத்தைத் தாண்டி கேக்குற அழுகை. மண்டபமே திரும்பிப் பார்த்துச்சு.

அத்தை ஓடி வந்து என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு எல்லாருக்கும் கேக்குற மாதிரி, "யாரும் ஒண்ணும் கேக்காதீங்க. தம்பிக்கு இப்பத்தான் படம் வந்து சேருது"ன்னாங்க.

இப்பவும் மச்சான் கத்தார்லருந்து கோல் எடுத்தா மொதல்ல என்னையத்தான் கேப்பாரு. "தம்பி, இந்தச் சிரிப்பு இன்னைக்கு உள்ளதா, போன மாசத்ததா?"

"இன்னைக்கு உள்ளதுதான் மச்சான்"பேன். பாதி நாள் அது உண்மையாவும் இருக்கும்.