இரண்டு வாசல் உள்ள சுரங்கம்

இதை எங்கேயாவது பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்பதுதான் இம்மாகுலேற்றின் முதல் பயம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் "முதலிலிருந்து சொல்லுங்கள்" என்பார்கள். முதல் எது என்பதில்தான் அவளுக்கு எப்போதும் சந்தேகம். இந்த விஷயத்தில் சுரங்கம் முதலா, வெங்காயம் முதலா? நன்றாக யோசித்துப் பார்த்ததில் வெங்காயம்தான் முந்தி வந்தது. அதனால் வெங்காயத்திலிருந்தே தொடங்குவோம்.

பாரிஸில், லா சப்பல் வட்டாரத்தில், ரூ காய் என்ற தெருவில் இராயப்பு அண்ணையின் சாப்பாட்டுக்கடை. மேலே இருபத்திரண்டு நாற்காலி, ஒரு மாதா படம், சத்தமாகப் பாடும் ரீவி. கீழே காவ், அதாவது நிலவறை. ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் வைன் போத்தல் அடுக்கிய இடம். போத்தலுக்கு உயரம் போதும் என்று கட்டியதால் நின்று வேலை செய்கிறவர்கள் தலையைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். அங்கேதான் குசினி. அங்கேதான் பதினான்கு வருடமாக இம்மாகுலேற் வெங்காயம் உரிக்கிறாள், புட்டு அவிக்கிறாள், வடை பொரிக்கிறாள்.

அந்தக் குசினிக்கு ஒரே வழி. கல்லாவுக்குப் பின்னால் தரையில் ஒரு மரமூடி. தூக்கினால் பதினொரு படி. மத்தியானம் சனம் கூடினால் மூடியை மூடிவிட்டு அதன்மேல் நின்றுதான் இராயப்பு கல்லாவைப் பார்ப்பார். அவருடைய எடை தொண்ணூற்றெட்டுக் கிலோ. அவித்த சாப்பாடு மேலே போவதற்குச் சுவருக்குள் ஒரு சின்ன லிஃப்ட் உண்டு. ஆகப் புட்டுக்கு லிஃப்ட் இருந்தது. இம்மாகுலேற்றுக்கு இராயப்பு அண்ணையின் கால் நகர்ந்தால் உண்டு.

"அண்ணை, ஒருநாளைக்கு ஏதும் நடந்தால் நான் எப்பிடி வெளியிலை வாறது?"

"தட்டு தங்கச்சி. நான் மேலைதானே நிக்கிறன்."

"நீங்கள் மேலை நிக்கிறதுதானே அண்ணை எனக்குப் பிரச்சினை."

ஒருமுறை அரிசி இறக்கியவர்கள் மூட்டைகளை அந்த மூடியின்மேல் அடுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அவள் அகப்பையால் இருபது நிமிடம் தட்டினாள். பிறகு கேட்டபோது இராயப்பு சொன்னார்: "நான் நீ ரீவிப் பாட்டுக்குத் தாளம் போடுறாய் எண்டெல்லோ நினைச்சன்!"

கட்டிடத்தின் நடைவழிக்கு ஏறும் படி இருந்த காவின் மறுபாதியில் உடைந்த நாற்காலிகள் குவிந்திருந்தன. இரண்டு பாதிக்கும் நடுவில் ஒரு பழைய கதவு. நாற்காலிகள் முட்டுக்கொடுத்ததால் அது திறக்காது. அந்தக் கதவைத் திறந்து தந்தால் போதும் என்பதே இம்மாகுலேற்றின் ஒரே விண்ணப்பம். ஒன்பது முறை கேட்டாள். ஒன்பது முறையும் "பாப்பம்" என்று பதில் கிடைத்தது.

அந்த வருடம் லா சப்பலில் கரி நாகரிகமாகிவிட்டது. பல்லுக்குக் கரிப் பசை, முகத்துக்குக் கரிப் பூச்சு, வயிற்றுக்குக் கரிக் குளிசை. இராயப்புவும் காலத்தோடு ஒத்துப்போகிறவர். கரித்தூள் கலந்த தோசை போட்டார். முன்பெல்லாம் இம்மாகுலேற் தோசையைக் கருக்கினால் திட்டு விழும். இப்போது கருக்காமல் அனுப்பினால் திட்டு விழுந்தது.

இந்தக் கட்டத்தில்தான் அந்துவான் ஐயா வந்து சேர்ந்தார். பாண்டிச்சேரிக்காரர். பிரெஞ்சு அரசாங்கத்தில் முப்பத்தாறு வருடம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். முத்திரை குத்த எதுவும் கிடைக்காமல் கை அரித்ததால், 'மலைவாழ் மக்கள் சிறு சுரங்கத் துயர்நீக்க ஒருமைப்பாட்டுக் கழகம்' என்ற ஒன்றைத் தொடங்கியிருந்தார். பெயர் முத்திரைக்குள் அடங்காததால் இரண்டு முத்திரை செய்யவேண்டி வந்தது. அதில் அவருக்கு மகிழ்ச்சியே.

"இவ்ளோ கரி பூசிக்கிறோமே இராயப்பு, கரி தோண்டுற ஜனங்களை நெனச்சுப் பாக்க வேணாமா?"

"ஐயா, தோசைக்குப் போடுறது தேங்காய்ச் சிரட்டைக்கரி. அது நிலக்கரியில்லை."

"கறுப்புதானே?" என்றார் அந்துவான்.

காவின் மறுபாதியில் ஒரு மாதிரிச் சுரங்கம் கட்டுவது, பொதுமக்கள் அதற்குள் தவழ்ந்து துயரத்தை நேரில் உணர்வது, இதுதான் திட்டம். அந்துவான் குசினிக்கு இறங்கிவந்து விளக்கினார். இந்தியாவின் வடகிழக்கு மலைகளில் கரி மெல்லிய படையாக ஓடுகிறது. அதைப் பின்தொடர்ந்து எலி வளை தோண்டுவதுபோல் ஏழைச் சனம் தோண்டுகிறது. உயரம் இரண்டடி. குந்தவும் முடியாது, படுத்துக்கொண்டு கொத்த வேண்டும். முட்டுக்கட்டை கிடையாது. மழை பெய்தால் பக்கத்துப் பழைய வளையிலிருந்து தண்ணீர் உடைத்துக்கொண்டு வரும். கொட்டிய கரியில் ஊறிய தண்ணீர் ஆற்றில் இறங்கி, மீனும் செத்து, குடிக்கவும் ஆகாமல் போகும். சட்டம் கூடாது என்கிறது. அடுப்பில் உலை வைக்க வேறு வழியில்லை என்று சனம் இறங்குகிறது.

இம்மாகுலேற் கத்தியைக் கீழே வைத்தாள். "பிறகு அதுகள் எப்பிடி ஐயா வெளியிலை வாறது?"

"போன வழியாவே."

"ஒரு வழிதானோ?"

"ஒரே வழிம்மா. அதான் கொடுமை!"

அவள் அண்ணாந்து மரமூடியைப் பார்த்தாள். அந்துவானும் பார்த்தார். "காவ் ரொம்பப் பொருத்தமா இருக்கு" என்றார்.

நாற்காலிகளை அள்ளினார்கள். நடுக்கதவு முதன்முறையாக அசைந்தது. இம்மாகுலேற் மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்தாள். கட்டிடத்தின் நடைவழிப் படியால் பொதுமக்கள் இறங்குவதாக ஏற்பாடு. அட்டையும் கறுப்பு மையும் கொண்டு இரண்டடி உயரத்தில் அசல் போலவே வளை அமைந்தது. பொதுமக்கள் வருவதால் அனுமதி வேண்டும் என்று அந்துவான் நாற்பது பக்கத்தில் விண்ணப்பம் போட்டார். பரிசோதிக்க அனுமதி அலுவலகத்திலிருந்து ஆன்-சோஃபி வந்தாள். இங்கேயே பிறந்த பாண்டிச்சேரிப் பிள்ளை. வீட்டுத் தமிழைக் கவனமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துப் பேசுவாள். கையில் அளவுநாடா.

"இது ஆபத்தாக இருக்கிறது."

"ஆமாம்மா! அதைக் காட்டத்தானே கட்டியிருக்கோம்" என்றார் அந்துவான்.

"ஆபத்தைக் காட்டலாம், முசியே. ஆபத்து இருக்கக் கூடாது."

"உயரம் ரெண்டடிதாம்மா. அங்க அப்படித்தான்."

"இரண்டு மீற்றர் வேண்டும்."

"அப்புறம் எப்படித் தவழ்றது?"

"விரும்புகிறவர்கள் தவழலாம். தடை இல்லை."

காற்றோட்டம் வேண்டும், விளக்கு வேண்டும், கைபிடிக் கம்பி வேண்டும், நடுவழியில் களைத்தவர்கள் உட்கார ஒரு கதிரை வேண்டும். கரி எரியக்கூடிய பொருள், ஆகவே நிலக்கரிச் சுரங்கத்தில் நிலக்கரி இருக்கக் கூடாது. கூழாங்கல்லுக்குக் கறுப்பு மை பூசலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டாவது வாசல் வேண்டும். முற்காலத்தில் வீட்டுக் கணப்புக்கு முற்றத்திலிருந்து கரி கொட்டிய துவாரம் ஒன்று சுவரில் இருந்தது. அதை அகலமாக்கிக் கதவு போடச் சொன்னாள். கேட்டதும் இம்மாகுலேற்றுக்குப் புரைக்கேறியது.

"மடாம், பிள்ளை, என்ரை பக்கத்தையும் ஒருக்கால் பாருங்கோவன். எனக்கு ஒரு வாசல்தான்."

ஆன்-சோஃபி தன் தொசியே என்ற கோப்புக்கட்டைப் புரட்டினாள். "உங்கள் பக்கம் சுரங்கமா?"

"இல்லைப் பிள்ளை, குசினி."

"பொதுமக்கள் வருவார்களா?"

"நான் மட்டும்தான்."

"நீங்கள் பொதுமக்கள் இல்லையே. வேலை செய்கிறவர். அது வேறு அலுவலகம்." உண்மையிலேயே வருத்தத்தோடுதான் சொன்னாள். பிறகு குசினியை எட்டிப் பார்த்தாள். கொதிக்கும் எண்ணெய், தாழ்ந்த கூரை, காற்று வராத மூலை. முகம் வெளுத்துப்போயிற்று. "ஐயையோ, சுரங்கத்துக்கு வருகிற யாராவது தவறி இங்கே வந்துவிட்டால்?"

ஆகவே பொதுமக்களின் நலன் கருதி நடுக்கதவுக்கு ஆணி அடிக்கப்பட்டது. சுரங்கப் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் ஒரு பலகையும் தொங்கியது: 'அபாயம். இதற்கு அப்பால் எவரும் செல்லலாகாது.' பலகைக்கு அப்பால் இம்மாகுலேற் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் திறப்பு விழா. வந்தவர்கள் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைத்துப் படம் எடுத்தார்கள். இரண்டு மீற்றர் உயரச் சுரங்கத்தில் பட்டுச்சேலை கசங்காமல் நடந்தார்கள். நகைக்கடை மேரிறோஸ் கருத்துப் புத்தகத்தில் எழுதினாள்: "மிகவும் மனவேதனையாக இருந்தது. நல்ல குளிர்ச்சி. பிறந்தநாளுக்கு வாடகைக்குக் கிடைக்குமா?"

சுரங்கத்தின் நடுவில் பெரிய திரை. மலைப்பகுதியிலிருந்து லாரிஷா என்ற பெண் நேரலையில் பேசுவதாக ஏற்பாடு. சுரங்க வாயில் பக்கத்தில் தேநீர்க்கடை வைத்திருப்பவள். அவளுடைய தம்பிமார் இருவரும் தினமும் உள்ளே இறங்குகிறவர்கள். அந்துவான் அவளோடு ஆங்கிலத்தில் பேசி, கூட்டத்துக்குத் தமிழில் சொன்னார்.

அதே நேரத்தில் மேலே இராயப்பு ஓர் அமைப்பின் தலைவரோடும் மூன்று புகைப்படக்காரரோடும் மரமூடியின்மேல் நின்றார். கீழே குசினியில் புகையை இழுக்கும் காற்றாடி நின்றுபோயிற்று. நாற்பது கரித்தோசைக்கும் நூறு வடைக்கும் நடுவில் எண்ணெய் புகைந்தது. இம்மாகுலேற் அடுப்பை அணைத்தாள். புகை அணையவில்லை. படியேறி அகப்பையால் மூடியில் தட்டினாள். மூடி அசையவில்லை. மேலே ஆள்கள் கூடியிருந்தார்கள். இறங்கி வந்து ஆணியடித்த கதவில் தட்டினாள்.

சுரங்கத்துக்குள் எல்லோரும் காது கொடுத்தார்கள். டொக், டொக், டொக்.

"கொத்துற சத்தம்!" என்றாள் மேரிறோஸ். "அச்சொட்டா அப்பிடியே இருக்கு. ஒலிப்பதிவு ஆர் செய்தது?"

கைதட்டினார்கள். கதவுக்குப் பின்னால் இம்மாகுலேற் பலமாகத் தட்டினாள். அவர்களும் பலமாகத் தட்டினார்கள்.

அப்போதுதான் இம்மாகுலேற் தன் வாழ்நாளில் முதல்முறையாக அரசாங்கப் பலகை ஒன்றை மீறினாள். ஆட்டுக்கல் குழவியால் நாலு போடு போட்டாள். ஆணி கழன்று கதவு திறந்தது. முகமெல்லாம் கரி, கண்ணெல்லாம் நீர், கையில் குழவியோடு கறுப்புப் புகைக்குள்ளிருந்து வெளியே வந்து, களைத்தவர்களுக்காகப் போட்டிருந்த கதிரையில் விழுந்தாள்.

கைதட்டல் ஓய இரண்டு நிமிடமாயிற்று.

"தங்கச்சி, என்ன நடிப்படி!" சத்தம் கேட்டு நடைவழியால் இறங்கிவந்த இராயப்பு பூரித்துப்போனார். "அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் இப்பிடி வருவியோ?"

திரையில் இருந்த லாரிஷா மட்டும் கைதட்டவில்லை. எழுந்து நின்று ஏதோ சத்தமாகக் கேட்டாள். அந்துவான் தொண்டையைச் செருமி, "நன்றி சொல்றாங்க" என்றார்.

"இல்லை ஐயா," இருமலுக்கு நடுவில் இம்மாகுலேற் சொன்னாள். "அவ என்னவோ கேக்கிறா. சரியாச் சொல்லுங்கோ."

அந்துவானின் குரல் இறங்கிற்று. "உள்ள இன்னும் யாராவது இருக்காங்களான்னு கேக்குறாங்க."

எல்லோரும் திறந்த கதவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இல்லையெண்டு சொல்லுங்கோ. நான் ஒராள்தான்."

லாரிஷா உட்கார்ந்தாள். பிறகு விளக்கு, கைபிடிக் கம்பி, கதிரை, இரண்டு வாசல் எல்லாவற்றையும் திரையில் நிதானமாகப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது. இன்னொன்று கேட்டாள்.

"இந்தச் சுரங்கத்துல ஆள் எடுக்கிறாங்களான்னு கேக்குறாங்க. ரெண்டு தம்பிங்க இருக்காங்களாம்."

கேள்விக்கு ஆவன செய்யப்படும் என்று அந்துவான் ஆங்கிலத்தில் பதிலளித்தார்.

திங்கட்கிழமை ஆன்-சோஃபி வந்து பார்த்தபோது, சுரங்கத்தில் இரண்டாவது வாசலுக்குப் பக்கத்தில் இம்மாகுலேற் வெட்டுப்பலகையும் வெங்காய மூட்டையுமாகக் குடியேறியிருந்தாள்.

"சுரங்கத்துக்குள் குசினி வைக்க அனுமதி இல்லை, மடாம்."

"சுரங்கத் தொழிலாளி இருக்கலாமோ பிள்ளை?"

தொசியே புரண்டது. "இருக்கலாம். உண்மையில், இருப்பது விரும்பத்தக்கது."

"தொழிலாளி வெங்காயம் உரிக்கலாமோ?"

மறுபடியும் புரண்டது. "கூடாது என்று எங்கும் எழுதவில்லை." பேனாவை எடுத்தவள் சற்று நின்றாள். "ஆனால் தொழிலாளி போய்வரும் எல்லாக் கதவுகளும் திறந்திருக்க வேண்டும். அடுப்புக்குப் போகிற கதவு உட்பட. காற்றாடியும் வேலை செய்ய வேண்டும். அதை நான் கட்டளையாக எழுதுகிறேன்." முத்திரை குத்தும்போது முதல்முறையாக அந்தப் பிள்ளை சிரித்ததை இம்மாகுலேற் கண்டாள்.

செய்தி ரூ காய் முழுக்கப் பரவிற்று. அடுத்த கிழமை சுரங்க வாசலில் வரிசை நின்றது. பேக்கரிக் காவிலிருந்து மரியான், கொத்துரொட்டிக் காவிலிருந்து மகாலிங்கம், சேலைக்கடைக்குக் கீழே தைக்கிற மர்கரீத். எல்லோரும் சுரங்கத் தொழிலாளியாகப் பதிந்து இரண்டாவது வாசல் பெற வேண்டும் என்றார்கள். பக்கத்து மார்க்ஸ் டோர்மோய் வட்டாரத்திலிருந்தும் ஏழு பேர் வந்திருந்தார்கள். தாங்கள் சாப்பிட்டுவிட்டு நடந்து போகிற தெருவுக்குக் கீழே இத்தனை பேர் இருப்பது சனத்துக்கு அப்போதுதான் தெரிந்தது. தெரிந்த பிறகும் தோசை கேட்டார்கள்.

திரையில் அந்த வரிசையைப் பார்த்த லாரிஷா, பாரிஸுக்குக் கீழேயும் கரி இருக்கிறதா என்று வியந்தாள்.

கழகத்தின் ஆண்டறிக்கை இரண்டு முத்திரையோடு வெளிவந்தது. "எமது அயராத முயற்சியால் இவ்வாண்டு பதினொரு சுரங்கத் தொழிலாளர்களுக்கு இரண்டாவது வாசல் பெற்றுக்கொடுக்கப்பட்டது. அனைவரும் பாரிஸில் வசிப்பவர்கள். மலைப்பகுதி நிலைமை அடுத்த ஆண்டு கவனத்தில் கொள்ளப்படும்."

அறிக்கையில் பிழை ஏதும் இருக்கிறதா என்று இம்மாகுலேற்றுக்குத் தெரியாது. தெரிந்ததை மட்டும் செய்கிறாள். முற்றத்துக் கதவின் திறப்புச் சாவியை மாதா பதக்கத்தோடு சேர்த்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். காலையில் அடுப்பு மூட்டுமுன் இரண்டு வாசலையும் திறந்து பார்க்கிறாள். வேலை முடிந்து கடைசியாக வெளியேறும்போது இருட்டுக்குள் திரும்பி நின்று, "உள்ளை இன்னும் ஆரும் இருக்கிறியளோ?" என்று சத்தமாகக் கேட்கிறாள். பதில் வராது என்று நிச்சயமான பிறகே கதவைச் சாத்துகிறாள். பூட்டுவதில்லை.