எல்லப்பனின் உடும்புப் பிடி

“கோடு ஒதுங்கிப் போச்சு” என்றார் எல்லப்பன்.

கையிலிருந்த பித்தளை ஸ்குரூவை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணில் லென்ஸை வைத்து, மறு கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னார். துடைப்பத்தோடு பக்கத்தில் நின்ற முனியம்மாவும் எட்டிப் பார்த்தாள்.

“எனுக்கு நேராத்தான் தெரியுது, அண்ணாத்த.”

“உனுக்குத் தெரியும். படகு கம்பெனிக்காரிக்குத் தெரிய வாணாவா?”

மறைமலைநகரில் பெரிய பெரிய கார் உதிரிபாகக் கம்பெனிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் தகரக் கூரைப் பட்டறை அது. அங்கே ஸ்குரூவுக்கு உடம்பெல்லாம் சுற்றுச்சுற்றாக மரை போட்டு முடிந்த பிறகுதான் தலைக்கு வருவார்கள். அதுவரை தலை வழவழவென்று இருக்கும். அதனால் பட்டறையில் அதற்குப் பெயரே மொட்டை. மொட்டையை வைஸ் என்கிற இரும்புப் பிடியின் இரண்டு தாடைகளுக்கு நடுவில் நிமிர்த்திப் பிடித்தால், மேலே சுற்றும் கட்டர் வந்து தலையில் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போகும். பிடி சரியாக இருந்தால் கோடு நடு வகிடு. மொட்டை கொஞ்சம் அசைந்தாலும் கோண வகிடு.

பிடிக்கிற பொறுப்பு எல்லப்பனுடையது. அதில் அவருக்கு இருந்த நம்பிக்கை சாதாரணமானதல்ல. “நம்ம புடி உடும்புப் புடி” என்று டீ குடிக்கும்போது சொல்வார், பஸ்ஸில் சொல்வார், கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடமும் சொல்வார்.

இந்த முறை அந்த நம்பிக்கைக்கு வேலை அதிகம். முட்டுக்காட்டுப் பக்கம் மரப் படகு கட்டும் கம்பெனி ஒன்று பித்தளை ஸ்குரூ கேட்டிருந்தது. வெள்ளிக்கிழமை அவர்கள் ஆள் வந்து சாம்பிள் பார்ப்பதாக ஏற்பாடு. பட்டறை முதலாளி வரலட்சுமி எதையும் சுற்றி வளைத்துப் பேச மாட்டார்.

“இந்த ஆர்டர் வந்தா கோடு வெட்ட இன்னொரு ஸ்லாட் மெஷின் வாங்குறேன், எல்லப்பன். வரலேன்னா இருக்கிற மெஷினையும் வித்துடுவேன். அப்புறம் நாம வாஷர் மட்டும் அடிக்கலாம்.”

வாஷர் என்ற சொல்லே எல்லப்பனுக்கு ஆகாது. வாஷருக்குத் தலையும் கிடையாது, வகிடும் கிடையாது. தலையே இல்லாத ஒன்றை அடித்துக்கொண்டு மிச்சக் காலத்தைத் தள்ளுவதா? அந்த மெஷினை அவர் தன் கையால் துடைத்து, தன் கையால் பூட்டி, லீவு நாளில்கூட அதன் நினைப்பாகவே இருக்கிறவர்.

அதனால்தான் திங்கட்கிழமை காலை வெட்டிய முதல் டப்பாவையே அவர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். அந்த லென்ஸில் பார்த்தால் எறும்புகூட எருமை மாதிரி தெரியும். மயிரிழை அளவு விலகல் ரயில் தண்டவாளம் அகலத்துக்குத் தெரிந்தது.

“மொத்த டப்பாவும் வேஸ்ட். உருக்குறவன் கடையில போட்டுட்டு வா, முனியம்மா. என் கண்ணுல படவே கூடாது.”

“நல்லாத்தானே கீது? அந்தம்மாவண்ட ஒரு வார்த்த கேட்டுகினு...”

“நீ பெருக்குற வேலைய பாரு. புடிக்கிற வேலைய நான் பாத்துக்கறேன்.”

முனியம்மா உதட்டைப் பிதுக்கிக்கொண்டு டப்பாவை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள்.

எல்லப்பன் யோசித்தார். கோடு ஒதுங்குகிறது என்றால் மொட்டை அசைகிறது. மொட்டை அசைகிறது என்றால் பிடி போதவில்லை. பிடி போதவில்லை என்றால் இறுக்க வேண்டும். இதில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது? வைஸின் கைப்பிடியில் நீளமான குழாய் ஒன்றைச் செருகி, தொங்காத குறையாக இறுக்கினார்.

கோடு வெட்டி வெளியே எடுத்தார். லென்ஸில் நடு வகிடு. வாயெல்லாம் பல்லாக ஒரு நட்டை எடுத்து ஸ்குரூவில் போட்டுத் திருகினார். நட்டு பாதியில் நின்றுவிட்டது. குழாய் போட்டு இறுக்கியதில் இடுப்பில் இருந்த மரை முழுக்க நசுங்கி, ஸ்குரூ அரைஞாண் கயிறு கட்டினது மாதிரி இருந்தது.

“பரவால்ல. புடி வலுவா இருந்தா மரை வலிக்கத்தான் செய்யும்” என்றார், யாரும் கேட்காமலே.

செவ்வாய்க்கிழமை இரண்டு தாடைகளிலும் மெல்லிய செம்புத் தகட்டை மடித்து வைத்தார். செம்பு மெத்தென்று இருக்கும், மரையும் பிழைக்கும் என்பது கணக்கு. மரை பிழைத்தது. ஆனால் அவசரத்தில் ஒரு பக்கம் ஒரு மடிப்பும் மறுபக்கம் இரண்டு மடிப்பும் வைத்துவிட்டார். கோடு ஓரத்துக்கே போய்விட்டது. சரி என்று இந்தப் பக்கம் ஒரு மடிப்பு கூட்டினார். அது தடித்த தகடு. கோடு அந்தப் பக்கம் ஓடியது. இப்படி மாற்றி மாற்றி மடித்ததில் மதியத்துக்குள் மொட்டை நிமிர்ந்து நிற்பதையே மறந்து, கள்ளுக் கடையிலிருந்து வருகிறவன் மாதிரி சாய்ந்து நின்றது.

வரலட்சுமி வந்து எட்டிப் பார்த்தார்.

“எப்படிப் போகுது, எல்லப்பன்?”

“கைக்கு வந்துடுச்சும்மா. வெள்ளிக்கெயம நீங்க கவலையே படாதீங்க.”

“நீங்க கவலைப்படாதீங்கன்னு சொன்னாதான் எனக்குக் கவலையா இருக்கு.”

அன்று இரவு அச்சரப்பாக்கத்து வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது அவருக்கு வழி பிறந்தது. மனைவி தமிழ்ச்செல்வி குக்கர் மூடியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். உள்ளே கறுப்பு ரப்பர் கேஸ்கட் பளபளத்தது. ஆவியையே வெளியே விடாமல் பிடிக்கிற ரப்பர்! ஒரு சின்ன மொட்டையைப் பிடிக்காதா? விடிந்ததும் தமிழ்ச்செல்வி கோலம் போடுகிற நேரம் பார்த்து, கேஸ்கட்டைக் கழற்றி டிபன் டப்பாவுக்கு அடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

ரப்பரைத் துண்டு போட்டுத் தாடைகளில் ஒட்டினார். மொட்டையை வைத்து இறுக்கினார். மரை நசுங்கவில்லை, மொட்டை சாயவும் இல்லை. ஆசையோடு கட்டரை இறக்கினார். கட்டர் தலையைத் தொட்டதுதான் தாமதம், ரப்பர் நெகிழ்ந்து மொட்டையைக் கைவிட்டது. மொட்டை விண்ணென்று கிளம்பி, அவர் காதோரமாகப் பறந்து, ஆபீஸ் அறைக்குள் போய், வரலட்சுமியின் டம்ளரில் விழுந்தது.

“எல்லப்பன்! டீயில என்ன இது?”

“சாம்பிளும்மா” என்றார் எல்லப்பன், குரல் நடுங்காமல்.

வீட்டில் அதைவிடப் பெரிய பூசை காத்திருந்தது.

“குக்கரு கேஸ்கட்டு எங்கய்யா?”

“ஆபீஸ் வேலையா எட்த்துனு போனேன்.”

“இன்னா ஆபீசு? உங்க ஆபீசுல சோறு வடிக்கிறாங்களா? வெள்ளிக்கெயம எங்கண்ணன் வருது. பருப்ப நானு வைஸுல வெச்சி வேவ வெக்கட்டா? நாளைக்கி வரும்போது புது கேஸ்கட்டு இல்லாம வூட்டுக்குள்ள காலு வெக்காத, சொல்லிட்டேன்!”

வியாழக்கிழமை முழுவதும் மெஷின் எல்லப்பனைப் பார்த்தது, எல்லப்பன் மெஷினைப் பார்த்தார். ஒரு கோடும் உருப்படியாக விழவில்லை. சாயங்காலம் செங்கல்பட்டில் இறங்கி, சுப்பிரமணியின் ஹார்டுவேர்ஸ் கடைக்குப் போனார். வாளி, பெயின்ட், அடுப்புத் திரி, குக்கர் கேஸ்கட் எல்லாம் கிடைக்கிற கடை. அந்தப் பக்கத்தில் அவருக்கு அதுதான் வழக்கமான கடையும்கூட.

சுப்பிரமணி கேஸ்கட்டைத் தேட உள்ளே போன நேரத்தில், மேசை மேலிருந்த தட்டில் எல்லப்பன் கண் விழுந்தது. பித்தளை ஸ்குரூ. ஒன்றைக் கையில் எடுத்தார். அவர் தேடிக்கொண்டிருந்த அதே அளவு. மரை ஒரு இடத்திலும் நசுங்கவில்லை. தலையில் கோடு, ஆகா, கல்யாணப் பெண்ணுக்கு வகிடு எடுத்த மாதிரி நட்டநடுவில் ஓடியது.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பொறாமையால் அல்ல, உண்மையான மரியாதையால்.

“சுப்பிரமணி, இத எவன்பா வெட்னான்?”

சுப்பிரமணி ஒரு பொருளை விற்கும்போது அதன் பூர்வீகத்தைக் குறைத்துச் சொல்கிற ஆளில்லை.

“அதெல்லாம் பெரிய எடத்து சரக்கு, அண்ணாத்த. நம்ம ஏரியாவுல எவன் இப்டி வெட்றான்?”

“அதான பாத்தேன்! புடின்னா இது புடி. இவன் மொட்டைய கையால புடிக்கல, மனசால புடிச்சிகினு வெட்டிக்கீறான்.”

லென்ஸ் பையில்தான் இருந்தது. எடுத்துப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை. அடுத்தவன் செய்த நல்ல வேலையைச் சந்தேகப்படுவது மரியாதை இல்லை அல்லவா? தட்டில் இருந்த அத்தனையையும் கடைப் பெயர் போட்ட பையில் கொட்டச் சொல்லி வாங்கிக்கொண்டார். நல்ல வேளையாக, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து கேஸ்கட்டையும் வாங்கிக்கொண்டார்.

அவர் திட்டம் எளிமையானது. நாளைக்கு இதைச் சாம்பிள் என்று காட்டி மெஷினைக் காப்பாற்றுவது. பிறகு அந்தப் பெரிய இடத்து ஆள் எப்படிப் பிடித்தான் என்பதைக் கண்டுபிடித்து, அதே மாதிரி பிடிப்பது. பொய்தான். ஆனால் திங்கட்கிழமைக்குள் உண்மையாகிவிடப் போகிற பொய் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை படகு கம்பெனியிலிருந்து பிரிசில்லா வந்தார். இளம் வயது, அளவான பேச்சு. எல்லப்பன் தட்டில் அடுக்கி வைத்த ஸ்குரூக்களை ஒவ்வொன்றாக எடுத்து அளவு பார்த்தார். ஸ்குரூ டிரைவர் வைத்துத் திருகிப் பார்த்தார். நட்டு போட்டுப் பார்த்தார்.

“எல்லாமே பாஸ்” என்றார் பிரிசில்லா. “ஸ்லாட் ரொம்ப நல்லா வந்திருக்கு. ஒண்ணு ரெண்டுல இம்மி விலகல் இருக்கு. அதெல்லாம் நாங்க பாக்க மாட்டோம். மரை அடிபடாம இருக்கு பாருங்க, எங்களுக்கு அதுதான் முக்கியம்.”

வரலட்சுமியின் முகம் மலர்ந்தது. “எங்க எல்லப்பன் கை அப்படிங்க. உடும்புப் பிடி!”

அந்த வார்த்தையைக் கேட்டு வாழ்க்கையில் முதல் முறையாக எல்லப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

“எப்படிப் பிடிக்கிறீங்க?” என்று கேட்டார் பிரிசில்லா. “பெரிய பெரிய இடத்துலகூட இந்த மரையை நசுக்கிடறாங்க.”

“அது... கைப்பக்குவம், மேடம்.”

“அப்ப எனக்கு ஒண்ணு ஓட்டிக் காட்டுங்களேன். மெஷின்ல பாத்துட்டா இன்னிக்கே ஆர்டர் போட்டுடுவேன்.”

எல்லப்பன் மெஷினை மறைத்துக்கொண்டு நின்றார். நல்ல வேளையாக வரலட்சுமி உபசாரத்தை விட்டுக்கொடுக்காதவர். “முதல்ல டீ குடிச்சிட்டு வாங்க, மேடம். அதுக்குள்ள எல்லப்பன் ரெடி பண்ணிடுவார்” என்று அவரை ஆபீஸ் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

எல்லப்பன் மெஷின் முன்னால் நின்றார். ஒரு தாடையில் செம்பு, மறு தாடையில் ரப்பர், கைப்பிடியில் குழாய். அடிபட்டு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுத்திருக்கிற ஆள் மாதிரி இருந்தது மெஷின். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒரு மொட்டை பறந்து பிரிசில்லாவின் டீயில் விழும். ஆர்டர் போகும். மெஷின் போகும். அவர் வாஷர் அடிப்பார்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முனியம்மா சுற்றிலும் பெருக்கிக்கொண்டே வந்தாள்.

“இன்னாண்ணா, பேயறைஞ்சா மாதிரி குந்திகினு கீற? அதான் பாஸாயிடுச்சாமே?”

யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

“பாஸானது நம்ம சரக்கு இல்ல, முனியம்மா” என்றார் அடிக்குரலில். “செங்கல்பட்டுல வாங்கியாந்தது. எவனோ ஒரு மகராசன், பெரிய எடத்து கைகாரன், வெட்டினது. நானெல்லாம் அவன் கால்தூசிக்குப் பெற மாட்டேன். அவன் எப்டி புடிச்சான்னு மட்டும் தெரிஞ்சா, இப்பவே அந்த பொண்ணு முன்னால ஓட்டிக் காட்டிடுவேன். அவன எங்கன்னு போயி தேடுவேன்?”

பெஞ்சின் மேல் கிடந்த காலிப் பையை முனியம்மா எடுத்தாள். அதிலிருந்த கடைப் பெயரைப் பார்த்தாள். பிறகு எல்லப்பனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“சுப்பிரமணி கடையா? யோவ் அண்ணாத்த, திங்கக்கெயம உருக்குற கடை லீவுன்னு, நீ கண்ணுல படக்கூடாதுன்ன அந்த மொத டப்பாவ வூட்டுக்குப் போறப்ப நான்தான அங்க குட்த்துட்டுப் போனேன்!”