படகில் முதலில் ஏறியவள்

கடலே இல்லாத நாடு ஒன்று உண்டு. அங்கே கப்பல் துறைக்குத் தனி அமைச்சர் உண்டு. நாட்டின் பெயர் நெடுந்துறை. மன்னர் ஒருவர் ஆண்டார். அவருக்குக் கீழே இருந்த அமைச்சர்களை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் அதே ஆட்கள்தான் வந்தார்கள். ஆனாலும் மக்கள் வாக்களிப்பதை விடவில்லை. நல்ல பழக்கம் அல்லவா, அதை விடுவானேன்!

அங்கே ஆற்றங்கரையில் அரசுத் தொழிற்கல்லூரி ஒன்று இருந்தது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள், கரும்பு வெட்டிக் கை காய்த்தவர்கள், பிள்ளை வளர்த்து ஓய்ந்தவர்கள் எல்லாரும் பொழுது சாய வந்து ஒரு தொழில் கற்றுக்கொண்டு போவார்கள். கூரை ஒழுகும், உட்காரப் பலகை போதாது. ஆனால் அங்கே படித்தவர் கட்டிய சுவர் விழுந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சும்மா சொல்லக்கூடாது, அரண்மனையைவிட அந்த இடத்துக்குத்தான் நாட்டில் மரியாதை.

கல்லூரியில் மதிப்பெண் கிடையாது. ஒரு வழக்கம் மட்டும் உண்டு. மாணவர் செய்து முடித்த பொருளை நம்பி முதலில் ஆசிரியர் தன் உடம்பை ஒப்படைக்க வேண்டும். தச்சு ஆசிரியர் புதுக் கட்டிலில் படுப்பார். கொத்து வேலை ஆசிரியர் புது வளைவின் அடியில் நிற்பார். படகு கட்டச் சொல்லிக்கொடுத்த பூங்கோதை, மாணவர் கட்டிய படகில் ஏறி நடு ஆறு வரை போய்த் திரும்புவாள்.

பூங்கோதைக்கு நீச்சல் தெரியாது. பலமுறை முங்கியிருக்கிறாள். மாணவர்கள் இழுத்துக் கரையில் போட்டதும், மூக்கில் தண்ணீர் ஒழுக, “ஒண்ணுமில்ல, பலகை இடுக்கு சரியா அடைபடல. பிரிச்சுத் திரும்ப அடைங்க” என்பாள். அதற்காக ஒருவரைக்கூடத் திட்டியதில்லை. என்ன மனுஷி ஐயா!

தண்ணீரிலும் சேற்றிலும் நின்று நின்று அவளுடைய இரண்டு முழங்கால்களும் போய்விட்டன. கணவர் இல்லை, சொந்த வீடும் இல்லை. அவள் நம்பியிருந்ததெல்லாம் ஓய்வூதியம்தான். கடைசிச் சம்பளத்தில் பாதி, உயிர் உள்ளவரை. அந்த நாட்டின் பழைய சட்டம் அது.

கருவூல அமைச்சர் வான்புகழாருக்கு அந்தச் சட்டத்தைக் கண்டாலே ஆகாது. “ஆசிரியர்களின் அனுபவம் நாட்டின் செல்வம். செல்வத்தை வீட்டுக்கு அனுப்புவது முறையல்ல” என்று ஓய்வு வயதை ஓராண்டு கூட்டினார். அடுத்த ஆண்டும் கூட்டினார். பூங்கோதை நெருங்க நெருங்க ஓய்வு நகர்ந்துகொண்டே போனது. வயது நிறையும் முன் போகிறவர்களுக்குக் கிடைக்க வேண்டியதில் பாதிதான் என்று இன்னோர் ஆணையும் வந்தது. அமைச்சர்களுக்கு மட்டும், ஒருநாள் நாற்காலியில் உட்கார்ந்தாலும் ஆயுளுக்கும் முழு ஓய்வூதியம். அந்தச் சட்டம் அசையவில்லை.

கல்லூரி ஆண்டு விழாவுக்கு மன்னர் வந்தார். அமைச்சர்களும் வரிசையாக வந்தார்கள். அன்று வேம்பு கட்டிய படகுக்குத் தேர்வு. வேம்பு இரண்டு பிள்ளைகளின் தாய், கரும்புக்காட்டுக் கூலியாக இருந்தவள். கல்லூரியிலேயே கை தேர்ந்தவள் என்பதால், பூங்கோதை போனதும் அந்த ஆசிரியர் வேலை அவளுக்குத்தான் என்று முடிவாகியிருந்தது.

பூங்கோதை முழங்காலைப் பிடித்துக்கொண்டு படகில் ஏறினாள். நடு ஆறு வரை போனாள். ஒரு சொட்டுக்கூட உள்ளே வராமல் திரும்பினாள். மன்னருக்குக் கண் கலங்கிவிட்டது.

“அம்மையே, தாங்கள் ஏன் முதலில் ஏற வேண்டும்?”

“நான் சொல்லிக்குடுத்த வேலைங்க. நானே ஏறலைன்னா ஊர்சனத்த எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஏறச் சொல்றது?”

“நெடுந்துறையின் ஆன்மா இந்த வழக்கத்தில்தான் இருக்கிறது!” என்று மன்னர் எழுந்து நின்று கை தட்டினார். கூடியிருந்த ஆயிரக்கணக்கான பேரும் தட்டினார்கள். நல்ல நேரம் பார்த்து வான்புகழாரும் எழுந்தார்.

“ஆசிரியப் பெருமக்களே! ஓய்வூதியம் உறுதி என்ற மிதப்பில், ஓய்வு பெற்றவர்கள் தேவைக்கு மேல் வாழ்ந்து வருவதை அரசு கவலையோடு கவனித்து வருகிறது. ஆகவே உங்கள் ஓய்வூதியப் பணம் இனி வணிகக் கப்பல்களில் ஏற்றப்படும். கப்பல் திரும்பினால் செல்வம். திரும்பாவிட்டால் வீரப் பட்டயம். திட்டத்தின் பெயர் பொற்கலம்.”

“கடலே இல்லையேப்பா” என்று பின்வரிசையில் யாரோ முனகினார்கள். அதற்குள் பூங்கோதை, கரையோரத் தண்ணீரில் இறங்கி நனைந்த சேலையோடு மேடைப் பக்கம் வந்துவிட்டாள்.

“எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வெளங்கலங்க. இதுல நீங்கள்லாம் எப்ப ஏறுறீங்க?”

வான்புகழார் புன்னகைத்தார். “ஏறுவது மக்களின் உரிமை, அம்மையே. அதில் குறுக்கிட எங்களுக்கு மனம் வரவில்லை.”

“செஞ்சவங்க முதல்ல ஏறட்டும்!” என்று வேம்பு கத்தினாள். அவ்வளவுதான், கூட்டம் முழுக்க அதையே கத்த ஆரம்பித்தது. அந்த வழக்கத்தைப் புகழ்ந்த வாய் இன்னும் காயவில்லை, மன்னர் என்ன செய்வார்? “அமைச்சர்களும் ஏறுவார்கள்” என்று சொல்லித் தொலைத்தார்.

அமைச்சர்களுக்கு முகம் செத்துவிட்டது. மேடைக்குப் பின்னே திரைமறைவில் கூடிப் பேசினார்கள். வெளியே வந்தபோது எல்லார் முகத்திலும் பழைய களை திரும்பியிருந்தது.

“மன்னர் ஆணைப்படி அனைவருக்கும் ஒரே நீதி” என்றார் வான்புகழார். “நாளைச் சூரிய உதயம் முதல் புதிதாகப் பணியேற்கும் எவரும், ஆசிரியரானாலும் சரி, அமைச்சரானாலும் சரி, பொற்கலத்தில் ஏறியே ஆக வேண்டும். ஏற்கெனவே பணியில் இருப்பவர்களுக்குப் பழைய முறையே தொடரும்.”

ஆசிரியர்கள் துள்ளிக் குதித்தார்கள். தச்சு ஆசிரியர் பரமகுரு பூங்கோதையின் கையைப் பிடித்துக்கொண்டார். “அக்கா, நாம தப்பிச்சோம். இதுக்கு மேல வாயத் திறக்காம வாங்க.”

அவள் தப்பித்துவிட்டது உண்மைதான். இன்னும் ஓராண்டு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றால் முழு ஓய்வூதியம். ஆனால் எதிரே வேம்பு நின்றாள், தான் கட்டிய படகின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு.

“அடுத்த வருசந்தான் உனக்கு வேல” என்றாள் பூங்கோதை.

“அதனால என்ன டீச்சரம்மா. உங்களுக்குக் கெடைச்சுதே, அது போதும்” என்றாள் வேம்பு. அதை அவள் மனதாரச் சொன்னதுதான் பூங்கோதையால் தாங்க முடியவில்லை.

கல்லூரி முதல்வர் அடைக்கலநாதரிடம் நேரே போனாள். “ஐயா, நான் இன்னைக்கே வேலைய விட்டுடறேன். பொழுது சாயறதுக்குள்ள இவள என் எடத்துல சேத்துருங்க.”

அடைக்கலநாதர் பதறினார். “பூங்கோதை, பாதிதான் வரும்மா! வாடகை குடுக்கணும், காலுக்கு வைத்தியம் பாக்கணும். யோசிச்சுத்தான் பேசறியா?”

“யோசிச்சா செய்ய மாட்டேங்க. அதான் யோசிக்கறதுக்குள்ள வந்துட்டேன்.”

வேம்பு வேண்டாம் வேண்டாம் என்று அழுதாள். “இவ்வளவு நல்லா படகு கட்டுறவ ஓட்டக் கப்பல்ல போறதா? போடி, போய்க் கையெழுத்தப் போடு” என்று அவளை உள்ளே தள்ளிவிட்டாள் பூங்கோதை. சூரியன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இறங்கும்போது வேம்பு அரசு ஆசிரியை ஆகியிருந்தாள். அதற்குப் பிறகு வருகிறவர்களை யார் காப்பாற்றுவது என்று பூங்கோதைக்குத் தெரியவில்லை. அன்று அவளால் ஒருத்தியைத்தான் கரையேற்ற முடிந்தது. அந்த நாட்டில் வேறு யாரும் அவ்வளவுகூடச் செய்யவில்லை.

இதையெல்லாம் வான்புகழார் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டத்தில் ஓட்டை இருப்பது அவருக்குத் தெரியும், வைத்தவரே அவர்தான். ஆனால் இப்படியும் அதைப் பயன்படுத்தலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கவில்லை. பல்லக்கை அரண்மனைக்கு விரட்டினார்.

மறுநாள் விடிவதற்குள் அரண்மனையில் அமைச்சர்களின் மகன்கள் அமைச்சர்களாகப் பதவியேற்றார்கள். மருமகன்கள் பதவியேற்றார்கள். தொட்டிலில் கிடந்த பேரனுக்காகத் தாதி உறுதிமொழி வாசித்தாள். வான்புகழாரின் இளைய மருமகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. வயிற்றில் கை வைத்து அவளும் வாசித்தாள். இருந்த அமைச்சர்களில் ஒருவர்கூட நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் புது நாற்காலிகள் போட்டுக்கொண்டார்கள்.

ஆண்டுகள் போயின. பூங்கோதைக்குப் பாதி ஓய்வூதியம் ஒழுங்காக வந்தது. அதில் அவள் ஒற்றை அறை வாடகை கொடுத்தாள், முழங்காலுக்குத் தைலம் வாங்கினாள், மிச்சத்தில் வாய்க்கு ருசியாக மீன் குழம்பு வைத்தாள். கல்லூரியில் வேம்பு ஒவ்வொரு புதுப் படகிலும் முதலில் ஏறினாள். அவளுக்குப் பின் வந்த ஆசிரியர்களின் வீட்டுச் சுவர்களில் வீரப் பட்டயங்கள் தொங்கின.

மறுபடியும் தேர்தல் வந்தது. அந்த நாட்டில் தேர்தலை மட்டும் தவறவிடுவதே இல்லை. மேளதாளத்தோடு பூங்கோதையின் வாசலுக்கு ஓர் அமைச்சர் வாக்குக் கேட்டு வந்தார். மை தீட்டிய மீசை. பட்டாடை தரையில் புரண்டது.

“அம்மா, உங்கள் பொன்னான வாக்கை எனக்கே அளியுங்கள்” என்றது கீச்சுக்குரல்.

“எவ்வளவு காலமா பதவில இருக்கீங்க தம்பி?”

“பன்னிரண்டு ஆண்டுகள்! அப்பழுக்கற்ற சேவை!” என்று பின்னால் நின்ற உதவியாளர் முந்திக்கொண்டு சொன்னார்.

பூங்கோதை அமைச்சரின் கன்னத்தைத் தடவினாள். “வயசு என்னப்பா?”

அமைச்சர் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார்.

“பதினொன்று.”