அமைதிப் பிரியர்

கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள், அமைதிப் பிரியர் வருகிறார். கண்ணுக்குத் தெரியும் முன்பே இவர் காதுக்குத் தெரிந்துவிடுவார்.

தீவுக்கு வந்தால் நீங்களும் நானும் கடற்கரையில் நடப்போம், கலங்கரை விளக்கத்தில் ஏறுவோம், படகில் ஒரு சுற்றுப் போய்விட்டு வீடு திரும்புவோம். இவருக்கு அதெல்லாம் இளக்காரம். "ஒரே கூட்டம், ஒரே சத்தம்! மனுஷன் இருப்பானா இங்க?" என்று சொல்லி, காலை மட்டும் நனைத்துவிட்டு வருகிறேன் என்று கெஞ்சும் மனைவியையும் இழுத்துக்கொண்டு, தீவின் கடைக்கோடியில் இருக்கும் மீனவர் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

நல்ல பகல். தெருவில் ஈ காக்கை இல்லை. கதவெல்லாம் சாத்திக் கிடந்தன, வலைகள் மட்டும் காய்ந்துகொண்டிருந்தன.

"ஆகா! என்ன அமைதி! என்ன அமைதி!" என்று தொண்டை கிழியக் கத்தினார். அதோடு விட்டாரா? எதிரொலிக்கிறதா என்று கைதட்டிப் பார்த்தார். ஊரில் இருக்கும் மச்சானை வீடியோவில் கூப்பிட்டு, கைபேசியை வாசல் வாசலாக நீட்டினார்.

"கேளு மச்சான், கேளு!"

"ஒண்ணும் கேக்கலையே மாமா."

"அதைத்தான்யா சொல்றேன்!"

ஒரு கதவு திறந்தது. மீனவரின் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, ராத்திரி முழுக்கக் கடல்ல கிடந்துட்டு இப்பதான் கண்ணசந்தாரு. சாயங்காலம் மறுபடி போகணும். போன வாரம் தூக்கக் கலக்கத்துல படகுலேருந்து விழப் பாத்தாரு. மெதுவா பேசுங்கண்ணே."

"ஏங்க, வாங்க போயிடலாம்" என்று அவருடைய மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். நம்மவர் உருகிப்போனார்.

"கவலையே படாதம்மா! எனக்குச் சத்தம்னாலே ஆகாது!"

இதை அவர் சொன்ன சத்தத்தில் அந்த மீனவப் பெண்ணின் புருஷன் எழுந்துவிட்டான். எதிர்வீட்டுக்காரனும் எழுந்துவிட்டான். கண் சிவக்க வாசலுக்கு வந்தவர்களை வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டார், மனசாட்சி இல்லாத மனிதர்.

ஊர் திரும்பியதும் அலுவலகம், அடுத்த வீடு, சொந்தபந்தம் என்று ஒருவர் பாக்கியில்லாமல் அந்தக் கிராமத்து அமைதியைப் பற்றிச் சொல்லித் தீர்த்தார். மறுவருடம் போனால் அதே தெருவில் நடக்க இடமில்லை. "எவனோ வந்து கெடுத்துட்டான்!" என்று குதித்தார். அந்த மீனவர் வீட்டு வாசலில் ஒரு பலகை தொங்கியது: 'தூங்குகிறோம். சத்தம் போடாதீர்கள்.' கூட்டத்துக்கெல்லாம் கேட்கும்படி அதை உரக்கப் படித்துக் காட்டியவர் யார் என்கிறீர்கள்? அவரேதான். மனைவி இந்தத் தடவை கிராமத்துக்கு அவரோடு வரவில்லை. கடற்கரைக் கூட்டத்துக்கு நடுவே காலை நனைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால், பக்கத்தில் தூங்குகிறவரைத் தட்டி எழுப்பி இதை வாசித்துக் காட்டலாம் என்று கை துறுதுறுக்கிறதா?

வணக்கம், அமைதிப் பிரியரே.