ஆறு சதவீதத்தில் எடுத்த முகூர்த்தப் புடவை

ஒன்றுமே படிக்காதவனால் குடும்பத்துக்குப் பெரிய சேதம் வராது. ஒரு கட்டுரையில் பாதியை மட்டும் படித்தவனால்தான் வரும். அந்தப் பாதியைப் படித்தவன் நான்.

போனில் திறந்த ஆப்களைத் தள்ளித் தள்ளி மூடாதீர்கள், மறுபடி திறக்கும்போது இன்னும் அதிக சார்ஜ் போகும் என்றது அந்தக் கட்டுரை. அன்றோடு எதையும் மூடுவதை நிறுத்தினேன். (பின்னால் சும்மா கிடக்கும் ஆப் வேறு, பின்னால் நிஜமாகவே உழைக்கும் ஆப் வேறு என்று இரண்டாம் பாதியில் இருந்ததாம். அதற்குள் காபி வந்துவிட்டது.)

அக்கா மகள் தாரணிக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவை தாய்மாமன் எடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். தாரணிக்குச் செய்யாரில் கம்பெனி வேலை, லீவு கிடைக்கவில்லை. அதனால் நானே ஒரு திட்டம் போட்டு நோட்டில் எழுதினேன். வெள்ளிக்கிழமை பத்தேகாலுக்கு, அவளுடைய டீ இடைவேளையில், ஆரணி நெசவுக்காரர் குமரேசன் வீட்டிலிருந்து வீடியோ கால். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் அவள் தேர்ந்தெடுத்த புடவையின் முந்தானை ஓரத்தில் மஞ்சள் வைத்துவிட வேண்டும். மஞ்சள் வைத்துவிட்டால் எங்கள் வீட்டில் பேச்சே கிடையாது. அப்புறம் மாற்ற முடியாது.

எங்கள் ஊர் சந்தவாசலில் இருந்து முழு சார்ஜோடு பைக்கில் கிளம்பினேன். முப்பது வருஷமாகப் போகிற சாலைக்கு மேப் போட்டிருந்தேன். (வழி தெரியாமல் இல்லை, போன பாதை நேரத்தோடு பதிவாக வேண்டும்.) பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி கௌரியின் டேட்டா தீர்ந்திருந்ததால், அவள் சீரியலுக்காக ஹாட்ஸ்பாட். போதாததற்குப் பெரிய ஒலிநூல் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. குமரேசன் வீட்டில் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும், வருங்காலத் தலைமுறைக்காக ஸ்கிரீன் ரெக்கார்டிங்கையும் போட்டுவிட்டு வீடியோ காலில் தாரணியைக் கூப்பிட்டேன். அப்போது சார்ஜ் இருபத்தொன்று.

குமரேசன் முதலில் விரித்தது அரக்கு. பச்சை பார்டர், முந்தானை முழுக்க ஜரிகை. அடுத்தது மாம்பழ மஞ்சள். மூன்றாவது கிளிப்பச்சை உடலும் ரோஸ் பார்டருமாகத் தூரத்திலிருந்தே கூப்பிடும் புடவை. போன் சூட்டில் கையில் நிற்கவில்லை. கர்சீப்பைச் சுற்றிப் பிடித்தேன்.

“ஏன் சார், இது மேல தோசை ஊத்தலாம் போலக்கீதே,” என்றார் குமரேசன்.

“ஏங்க, எதையாவது நிறுத்தித் தொலைங்க,” என்றாள் கௌரி, சீரியலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவளுக்குக் கட்டுரையின் முதல் பாதியை விளக்கினேன். திரையில் தாரணி வாயைப் பாதி திறந்தபடி அசையாமல் இருந்தாள். பெண் பிரமித்துப்போய்விட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். குரல் மட்டும் வந்தது.

“மாமா, இதான் மாமா. இத்தோட நிறுத்திடு. வேற பாக்கவே வேணாம்.”

“பார்டர் ஓகேவா?”

“பார்டர்தான் மாமா அழகே.”

என் கையில் இருந்தது கிளிப்பச்சை. சார்ஜ் ஆறு. அடுத்த வினாடி போன் சூடு தாங்காமல் உயிரை விட்டது. அதோடு கௌரியின் சீரியலும் நின்றது.

“ஒரு போட்டோ அனுப்பிக் கேட்டுக்கினு அப்பறம் மஞ்ச வெய்ங்களேன்,” என்றாள் கௌரி. “சார்ஜர் போட்டா பத்து நிமிஷம்.”

பத்து நிமிஷத்தில் ராகு காலம் வந்துவிடும். தவிர, காதால் கேட்டதற்குச் சாட்சி எதற்கு? மஞ்சள் வைத்தேன். அங்கேயே நோட்டை எடுத்து எழுதினேன்: “வெள்ளி, காலை 10.22. புடவை தேர்வாயிற்று. பெண்ணுக்குப் பரம திருப்தி.”

மாலையில் வீட்டுக்கு வந்து சார்ஜ் போட்டு, புடவையின் படத்தைத் தாரணிக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

“நல்லாக்கீது மாமா. இது அத்தைக்கா?”

நான் நோட்டைத் திறந்து 10.22 பதிவை மறுபடி படித்தேன்.

“என்னோடத காட்டு மாமா. அந்த அரக்கு.”

காலை முழுக்க அவள் திரையில் அரக்குப் புடவை மட்டுமே இருந்திருக்கிறது. நான் மஞ்சளையும் பச்சையையும் தூக்கித் தூக்கிக் காட்டியபோது, என் போன் முதல் படத்தோடு உறைந்துபோய்க் குரலை மட்டும் கடத்தியிருக்கிறது. குமரேசனைக் கூப்பிட்டேன். அரக்கு, மத்தியானமே தெள்ளாரிலிருந்து வந்தவர்களோடு போய்விட்டது.

தாரணியிடம் சொன்னேன். அழுதாளோ என்னவோ. பிறகு, “மஞ்ச வெச்சிட்டியா மாமா?” என்று மட்டும் கேட்டாள். வைத்துவிட்டேன் என்றேன். “எங்க மாமா எடுத்ததுன்னு சொல்லி கட்டிக்கிறேன். அதுக்கு மேல யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க,” என்றாள்.

கட்டிக்கொண்டாள். கல்யாண ஆல்பத்தில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் முதலில் தெரிவது புடவைதான். அதற்குப் பிறகுதான் மணமகள்.

வரவேற்பன்று என் நோட்டு எப்படியோ அவள் கையில் சிக்கியது. 10.22 பதிவை மாப்பிள்ளை வீட்டாருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் சாம்பார் தீய்ந்தாலும், பஸ் போய்விட்டாலும், யாராவது பரீட்சையில் கோட்டை விட்டாலும், “பெண்ணுக்குப் பரம திருப்தி” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள். நேற்று வந்த மருமகன்கூடச் சொல்கிறார்.

இப்போது என் நோட்டில் நேரத்துக்கு முன்னால் புதிதாக ஒரு கட்டம் இருக்கிறது. போனில் எத்தனை சதவீதம் என்பதற்கு. போன மாதம் தாரணியின் குழந்தைக்குக் காதுகுத்து. தாரணிக்கு அண்ணன் தம்பி கிடையாது, அதனால் தாய்மாமன் இடத்தில் என் மடியில்தான் உட்கார வைத்தார்கள். படம் எடுக்கப் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தேன். தாரணி கையை நீட்டி வாங்கி, திறந்திருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மூடிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“இப்ப எடு மாமா,” என்றாள்.