டீக்கடை ஹெல்மெட்டும் நான் பெண் பார்க்கப் போனதும்

சாலை விதிகளில் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: எந்தக் கிழமை, எந்தத் திருப்பத்தில் போலீஸ் நிற்பார்கள் என்பது. பழங்காநத்தத்தில் பாதிப் பேருக்கு இந்த ஞானம் உண்டு. அதனால்தான் எங்களுக்கென்று ஒரு பொது ஹெல்மெட் இருந்தது.

செக்கிங் நடக்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டீக்கடை. அங்கே ஆணியில் அது தொங்கும். மாட்டிக்கொண்டு போலீஸைக் கடந்து, அவனியாபுரம் ரோட்டில் இருக்கும் பஞ்சர் கடையில் கொடுத்துவிட வேண்டும். எதிரே வருகிறவர் அதைப் போட்டுக்கொண்டு வந்து டீக்கடையில் சேர்ப்பார். அதுவரை காத்திருப்பவர்கள் டீ குடிக்கலாம். ஹெல்மெட்டின் பின்பக்கம் பச்சை பெயின்ட்டில் கடைப் பெயர் இருக்கும். தாடைப் பட்டையை மட்டும் யாரும் மாட்டியதே இல்லை. அதன் பூட்டு துருப்பிடித்துத் தொங்கும். (மண்டையைக் காப்பாற்றவா போட்டோம்?)

அன்று அவனியாபுரத்தில் எனக்குப் பெண் பார்க்கும் ஏற்பாடு. ஏற்கெனவே நான்கு இடம் தட்டிப்போயிருந்தது. "இதுவும் போச்சுன்னா இனிமே நீயே பாத்துக்கடா" என்று சொல்லிவிட்டு அப்பாவும் அம்மாவும் முன்னதாகவே ஆட்டோவில் போய்விட்டார்கள். நான் சலூனில் முடியைச் சீராக்கிக்கொண்டு பைக்கில் கிளம்பினேன். என்னிடம் சொல்லிக்கொள்ளும்படி இருந்தது அந்த முடி மட்டும்தான்.

டீக்கடையில் ஹெல்மெட்டை எடுத்து, முடி கலையாமல் பதமாக வைத்துக்கொண்டு போனேன். அன்று பார்த்துப் புதிதாக ஒரு எஸ்.ஐ. கைகாட்டி நிறுத்தினார்.

"போட்டா மட்டும் பத்தாது தம்பி, பட்டைய மாட்டணும்" என்று அன்பாகச் சொல்லி, அவரே அழுத்தி மாட்டிவிட்டார். 'க்ளக்' என்றது. அந்த ஹெல்மெட்டின் வாழ்நாளில் முதல் க்ளக். கடைசி க்ளக்கும் அதுதான்.

பஞ்சர் கடையில் பூட்டு திறக்கவில்லை. கடைக்கார அண்ணன் ஸ்பேனர் வைத்துப் பார்த்தார், காலை முட்டுக்கொடுத்து இழுத்தார். என் கழுத்துதான் நீண்டது. நல்ல நேரம் முடிய முக்கால் மணி நேரமே இருந்தது. வேறு வழியில்லாமல் அப்படியே போனேன்.

"உக்காருங்க தம்பி. ஹெல்மெட்டக் கழட்டுங்க" என்றார் பெண்ணின் அப்பா.

"இருக்கட்டும் மாமா, பழகிருச்சு."

அவர் நெகிழ்ந்துபோனார். "பாருங்க, எம்புட்டு ஒழுக்கமான பையன்!" என்று என் அப்பாவிடம் சொன்னார். அப்பா தரையைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்த பார்வையைத் தாங்க அந்த ஹெல்மெட்டே காணாது.

பெண்ணின் தாய்மாமன் வந்தால்தான் பேச்சே ஆரம்பிக்கும். அவரைக் காணோம். பெண்ணின் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, பழங்காநத்தத்துல நிக்கிறேன். செக்கிங். டீக்கடை ஹெல்மெட்ட எவனோ எடுத்துட்டுப் போனவன் இன்னும் திருப்பி அனுப்பல. மூணு டீ குடிச்சிட்டேன். எனக்கு முன்னாடி நாலு பேரு நிக்கிறாங்க!"

காபித் தட்டுடன் என் பின்னால் வந்து நின்ற பெண், பச்சை பெயின்ட்டில் இருந்த கடைப் பெயரைச் சத்தமாக வாசித்தாள். என் அப்பா மறுபடி தரையைப் பார்த்தார். ஐந்தாவது இடமும் போச்சு என்று நினைத்தேன். நிஜமாகவே அழுகை வந்தது. பூட்டு திறக்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

அவள் உள்ளே போய்க் கத்தரிக்கோலோடு வந்தாள். "அசையாதீங்க. காது போனா எங்கப்பா வேற மாப்ள பாத்துருவாரு" என்று பட்டையை நறுக்கினாள். முடி மாவுத்தோசை மாதிரி படிந்திருந்தது. அவள் சிரித்தாள். எனக்கு உயிர் வந்தது.

அதே ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு மாமனை அழைத்துவர நானே பைக்கில் ஓடினேன். அறுந்த பட்டை ஆடுவதைப் பார்த்துவிட்டு அதே எஸ்.ஐ. மறுபடி நிறுத்தினார். "இப்பத்தானய்யா மாட்டிவிட்டேன்?" என்றவரின் குரலில் கோபத்தைவிடத் துக்கம்தான் அதிகம். அபராதச் சீட்டை வாங்கிக்கொண்டேன்.

கல்யாணம் நடந்தது. தாய்மாமன் சீர்த்தட்டில் புடவைக்கு மேலே இரண்டு புது ஹெல்மெட். ஒன்று மனைவிக்கு. இன்னொன்றை, பட்டையை அறுத்ததற்கு ஈடாக டீக்கடைக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டார். நான் தனியாக ஒன்று வாங்கினேன். மனைவி என் தாடைப் பட்டையைத் தன் கையால் மாட்டிவிட்டுத்தான் வண்டியில் ஏறுகிறாள். ஊரில் திருந்தியது நான் ஒருவன்தான். அதுவும் போலீஸுக்குப் பயந்து இல்லை.

போன வாரம் எங்கள் மகளுக்குக் காதுகுத்து. தாய்வழிச் சொந்தமெல்லாம் வந்தாயிற்று, மனைவியின் தாய்மாமனை மட்டும் காணோம். போன் போட்டேன்.

"வந்துக்கிட்டே இருக்கேன் மாப்ள. டீக்கடையிலதான் நிக்கிறேன். நம்ம சீர் ஹெல்மெட்டு இன்னும் வரல."